செருப்புப் போட்ட சாமி

சாமி சரணம் இருக்கட்டும் சாமி, மொதல்ல என் காலப் பாக்குறத விடுங்க. ஏறி உக்காந்ததுல இருந்து நானும் கவனிச்சுக்கிட்டுத்தான் வாரேன். கழுத்தப் பாக்குறீங்க, மாலை இருக்கு. இடுப்பப் பாக்குறீங்க, கறுப்பு வேட்டி. கீழ பாத்தா செருப்பு. கழுத்துக்கும் காலுக்கும் ஒத்து வரலையேன்னுதான யோசிக்கிறீங்க? நியாயம்தான். நீங்க வெறுங்கால்ல வந்துருக்கீங்க. எத்தனையாவது வருசம்? பதினெட்டா? பஸ்ல அம்புட்டு சீட்டு காலியாக் கெடக்க, பதினெட்டு வருசமா மலைக்குப் போற ஆளு பக்கத்துலயா நான் வந்து உக்காரணும்.

எந்த ஊரு நீங்க? சாத்தூர் இல்லையே? சாத்தூர்ல சொந்தபந்தம், கடை கண்ணி ஒண்ணும் கிடையாதே? அப்பச் சரி, சொல்றேன். ஆனா என்னைய சாமின்னு கூப்பிடக் கூடாது. மூணு நாளாக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. என் பேரு தவசிலிங்கம். பேரச் சொல்லியே கூப்பிடுங்க. நான் உங்களச் சாமின்னு கூப்பிடுறேன். நீங்க நெசமான சாமி.

நான் ஓய்வெடுத்துட்டு வாரேன். மூஞ்சியப் பாத்தா தெரியலையா? கூட்டாளிகளோட தோட்டத்துல போயி மூணு நாள் நிம்மதியா இருந்துட்டு வாரேன். நல்லாத் தின்னு, நல்லாத் தூங்கி, பம்புசெட்டுல குளிச்சு, மரத்தடியில கட்டிலப் போட்டு மல்லாந்து படுத்து வானத்தப் பாக்குறது. வருசா வருசம் போறதுதான். தீபாவளி வியாபாரம் முடிஞ்சு உடம்பு அலுத்துப் போயி, பொண்டாட்டி மூஞ்சிய நமக்குப் பிடிக்காம, நம்ம மூஞ்சிய அவளுக்குப் பிடிக்காம ஒரு நேரம் வரும்ல, அப்பக் கெளம்பிருவோம்.

எல்லாருக்கும் ஒரே தெருவுல கடை. நான் பாத்திரக்கடை. எதுத்தாப்புல தாவூது, செருப்புக்கடை. கொஞ்சம் தள்ளி சௌந்தரபாண்டி, மருந்துக்கடை. முக்குல வேலாயுதம், அரிசிக்கடை. தோட்டம் வேலாயுதத்தோடது. ராசபாளையத்துக்கு மேக்க, மலையடிவாரம். அத வாங்குனதுல இருந்து அவன் பேச்சே மாறிப்போச்சு. கார விட்டு எறங்குனதும் நெஞ்ச விரிச்சு மூச்ச இழுத்து, "காத்தப் பாத்தியாடா, காத்த"ம்பான். என்னமோ நெலத்தோட காத்தையும் சேத்துப் பத்திரம் முடிச்சுக் குடுத்த மாதிரி. குயில் கூவுனா "கேட்டியா"ன்னு நம்ம மூஞ்சியப் பாப்பான். குயிலுக்கு இவன்தான் சம்பளம் போடுறான் பாருங்க. இருக்கட்டும். வருசத்துல மூணு நாள் பொறுத்துக்கலாம்.

முந்தி அஞ்சு பேரு. சிதம்பரநாதன்னு ஒருத்தன், ஜவுளிக்கடை. நெஞ்சு வலிக்குதுன்னு மதுரைக்குக் கொண்டுபோயி, அடைப்பு இருக்குன்னு ஸ்டென்ட் வச்சு அனுப்புனாங்க. அந்த வருசமும் வந்தான். வந்து என்னத்துக்கு? இலையில வச்ச கோழியத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு மோர் ஊத்திச் சாப்பிட்டான். கிணத்துமேடு ஏறுறதுக்குள்ள மூச்சு வாங்குது. நான் வெளாட்டுக்குத்தான் சொன்னேன், "அடுத்த வருசம் இவனக் கூட்டியாரணும்னா பின்னாடியே ஆம்புலன்சும் வரணும்டா"ன்னு. எல்லாரும் சிரிச்சானுக. அவனும்தான் சிரிச்சான். அடுத்த வருசம் வரல. நாங்க யாரும் வர வேணாம்னு சொல்லல சாமி, அவனாத்தான் வரல. கேட்டதுக்குக் கடையில ஆளு இல்லைன்னுட்டான். கொஞ்சம் தொட்டாச்சுருங்கி அவன். என்னத்தச் சொல்றது.

அப்புறம் நாலு பேரு. இந்த லட்சணத்துல, ஆடி மாசம் எனக்குச் சுகர் வந்து தொலைஞ்சிருச்சு.

ஆமா, சுகர்தான். மெதுவாப் பேசுங்க, கண்டக்டரு சாத்தூர்க்காரன். டாக்டரம்மான்னு ஒரு சின்னப் பிள்ள, என் மூத்த மக வயசு இருக்கும். கறியக் கொறைங்க, தண்ணியத் தொடாதீங்க, இனிப்ப மறந்துருங்க, நடங்க, வெறுங்கால்ல நடக்காதீங்க, நேரத்துக்குச் சாப்பிடுங்கன்னு அது பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே போகுது. நான் தலையாட்டிட்டு வந்துட்டேன். வீட்ல தெரியும். கடைத்தெருவுல ஒரு பயலுக்குத் தெரியாது. தெரிய விடுவேனா நான்? மாத்திரை வாங்கக் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறிப் போறேன் சாமி. கூப்பிடு தூரத்துல கூட்டாளி மருந்துக்கடை வச்சிருக்கான், நான் டிக்கெட் எடுத்து அடுத்த ஊருக்குப் போறேன்.

நீங்க நெனைக்கலாம், இதுல என்ன மறைக்கக் கெடக்கு, ஊருல பாதிப் பேருக்கு இருக்குன்னு. உங்களுக்குத் தெரியாது. எனக்கு வீட்ல பேரு "அப்பா". கடையில "மொதலாளி". பொண்டாட்டிக்கு "இந்தாங்க". பேங்குல "சார்". என்னைய "டேய் தவசி"ன்னு கூப்பிட இந்த உலகத்துல மூணே பேருதான் இருக்கானுக. நோயாளின்னு தெரிஞ்சா மறு வருசம் எனக்கும் கடையில ஆளு இல்லாமப் போயிரும். அதுக்குப் பயந்தேன். நெசமாவே பயந்தேன்.

கார்த்திகை பொறந்துச்சா. பூசைச் சாமான் கடை வாசல்ல துளசி மாலையாத் தொங்குது. பாத்தேன், பொறி தட்டுச்சு. வியாதின்னு சொன்னா பாவம்பான். விரதம்னு சொன்னா கும்பிடுவான். கறி வேணாம், தண்ணி வேணாம், ஏன்னு ஒருத்தன் கேக்க மாட்டான். மூணு நாள் ஓட்டிட்டு வந்து, வீட்ல ஏதோ தீட்டுன்னு சொல்லிக் கழட்டிரலாம். வாங்குனேன், தெருப் பிள்ளையார் முன்னாடி நின்னு நானே கழுத்துல போட்டுக்கிட்டேன். குருசாமியா? பிள்ளையார்தான். அப்படிப் பாக்காதீங்க சாமி, நான் அப்பவே மன்னிப்புக் கேட்டுட்டேன்.

கார்ல ஏறுறதுக்கு வெறுங்கால்ல, கறுப்பு வேட்டியில போயி நிக்கிறேன். மூணு பேரும் என்னையப் பாக்குறானுக. அப்புறம் ஒருத்தன ஒருத்தன் பாக்குறானுக. நான் நெனைச்சேன், இப்ப ஆரம்பிப்பானுக, ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் வச்சு ஓட்டுவானுகன்னு. அதுக்குப் பதிலும் தயாரா வச்சிருந்தேன். ஒருத்தன் சிரிக்கல. சௌந்தரபாண்டி மட்டும் "நல்லதாப் போச்சு"ன்னான். என்ன நல்லதுன்னு எனக்கு வெளங்கல. தாவூது, "பேருக்கு ஏத்த மாதிரி தவசியாவே ஆயிட்ட..."ன்னு ஆரம்பிச்சவன், தொண்டையச் செருமிக்கிட்டு, "ஆயிட்டீங்க சாமி, முன் சீட்டுல உக்காருங்க"ன்னான். முப்பது வருசப் பழக்கம். அந்த நிமிசத்தோட டா போச்சு, டேய் போச்சு.

அதுக்கப்புறம் பாருங்க, அய்யப்பனுக்கு மொத்தக் குத்தகையும் தாவூதுதான். அஞ்சு வேளை தொழுகுற மனுசன், எனக்குச் சட்டம் சொல்லிக் குடுக்குறான். கேட்டா, "எங்க தெருவுல பாதிப் பேரு மாலை போடுறவங்க சாமி, சின்னதுல இருந்து பாக்குறேன்"ங்கிறான். எனக்கும் ஒண்ணும் தெரியாது, எதுத்துக் கேட்டா குட்டு வெளிப்பட்டுரும். சரின்னு தலையாட்டுனேன்.

மொதச் சட்டம் செருப்பு. தோட்டத்துல எறங்கிக் கால வைக்கல, "இருங்க சாமி"ன்னு டிக்கியத் தொறந்து ஒரு அட்டைப்பெட்டிய எடுத்தான். உள்ள இதுதான். கறுப்பு, மெத்து மெத்துன்னு. "மாலை போட்டவன் செருப்புப் போடலாமாடா?"ன்னேன். "தோல் செருப்புத்தான் ஆகாது, இது ரப்பர், தோசம் இல்ல"ன்னுட்டான். செருப்புக்கடைக்காரன் வேற எப்படிச் சொல்லுவான்? சாமி கும்பிடப் போற எடத்துலயும் வியாபார புத்தி. அளவு மட்டும் அச்சா இருந்துச்சு, அதச் சொல்லணும். காசு வாங்கல. பின்னாடி கணக்குல சேப்பான்.

அடுத்து குளியல். வருசம் பூரா நான் கனாக் கண்டது அந்தப் பம்புசெட்டுத் தொட்டிதான். தலையில தண்ணி விழுகுறப்ப கடன்காரன், கஸ்டமர் எல்லாம் மறந்து போகும். துண்டக் கட்டிக்கிட்டுப் போறேன், வேலாயுதம் குறுக்க வந்து நிக்கிறான். "தொட்டியில பாசி சாமி, வழுக்கும். உங்களுக்கு வெந்நி போட்டுருக்கு"ங்கிறான். மாலை போட்டவனுக்கு வெந்நி. அண்டாவுல. இவனுக மூணு பேரும் தொட்டிக்குள்ள எருமை மாதிரி கெடந்து தண்ணிய வாரி எறைச்சு வெளாடுறானுக, நான் கொட்டகைக்குப் பின்னால உக்காந்து செம்புல மோந்து மோந்து ஊத்திக்கிட்டு இருக்கேன். இதுக்கு நான் வீட்டுப் பாத்ரூம்லயே குளிச்சிருப்பேன்.

சாப்பாட்டக் கேளுங்க. தோட்டத்துல பேச்சியம்மான்னு ஒரு அம்மா இருக்கு, தோட்டத்தப் பாத்துக்கிட்டு நாங்க போனா சமைக்கவும் செய்யும். அதுக்கு என் மேல பக்தி. என்னையப் பாத்ததும் ஈரக்கைய முந்தானையில தொடைச்சுக் கும்பிட்டுச்சு. சாமி வந்திருக்காருன்னு பாசிப்பருப்புப் பாயசம் வச்சிருச்சு. ஏலக்கா வாசம் கட்டில் வரைக்கும் வருது. டம்ளர நீட்டுதுய்யா அந்த அம்மா, நான் கைய நீட்டுறேன், நடுவுல சௌந்தரபாண்டி வாங்கிட்டான். "விரத காலத்துல சாமிக்கு இனிப்பு ஆகாதும்மா. மலைக்குப் போயிட்டு வந்துதான்." நான் அவன் மூஞ்சியவே பாக்குறேன். மலையில குடுக்குற அரவணையே வெல்லப்பாகுதான, அந்த டப்பாவ நானே வழிச்சுத் தின்னுருக்கேன்னேன். "அது பிரசாதம், இது பாயசம்"ங்கிறான். எங்கயோ படிச்ச மாதிரி அடிச்சுச் சொல்றான். பேச்சியம்மா நாக்கக் கடிச்சுக்கிட்டு, "அய்யோ தெரியாமப் போச்சே"ன்னு கன்னத்துல போட்டுக்கிச்சு. என் பாயசத்த அவனே குடிச்சான்.

தோட்டம் முழுக்க சீத்தாப்பழம். கையில எடுத்தா வெடிக்குது. அதுவும் ஆகாதாம். கொய்யா ஆகுமாம், அதுவும் காய்தான். ராத்திரிக்குச் சோறு ஆகாது, ரெண்டு சப்பாத்தி. மத்தியானம் சோறு ஒரு கரண்டி, காயி ஒரு மலை. "இந்த விரதத்த யாருடா எழுதுனது?"ன்னு கேக்க நாக்கு துடிக்குது. கேக்க முடியுமா? கழுத்துல தொங்குதே.

அதோட விட்டானுகளா? நடக்கணும். அடிவாரத்துல ஒரு சாஸ்தா கோயில் இருக்கு. காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், அது வரைக்கும் போயிட்டு வரணும். மலைக்குப் பெரிய பாதையில நடந்து போறதுக்குப் பழகணுமாம். ஓய்வெடுக்க வந்த எடத்துல. அதையாவது நான் ஒத்தையில நடந்து வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டுப் போயிருப்பேன். தாவூது கூடவே வாரான். அய்யப்பன் கோயில் வாசல் வரைக்கும் வந்து வேப்பமரத்தடியில நிப்பான், நான் கும்பிட்டுட்டு வந்ததும் "போலாமா சாமி"ம்பான். வழியில நான் கொஞ்சம் நின்னா, "கால்ல ஏதாச்சும் குத்துச்சா, காட்டுங்க"ன்னு குனியிறான். கூசிப்போச்சு எனக்கு. இவன் முதுகுல வெளாட்டா நான் எத்தனை தடவ குத்து விட்டுருக்கேன் தெரியுமா?

மொத நாள் சாயங்காலம் அவனுக மூணு பேரும் மோட்டார் ரூம் பக்கம் போயிட்டானுக. கோழி வறுபடுற வாசம் வருது, சிரிப்புச் சத்தம் வருது. நான் இந்தப் பக்கம் விளக்கேத்தி வச்சுக்கிட்டு, தெரிஞ்ச ரெண்டே ரெண்டு சரணத்தத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கேன். பேச்சியம்மா எதுக்க சம்மணம் போட்டு உக்காந்து கண்ண மூடிக் கேக்குது. எந்திரிக்கவும் முடியல. அந்தப் பக்கம் சிரிக்கிறப்பெல்லாம் என்னையப் பத்தித்தான் சிரிக்கிறானுகளோன்னு ஒரு நெனைப்பு. என்னையப் பத்திச் சிரிச்சாக்கூடப் பரவாயில்ல, என் முன்னாடி வந்து சிரிங்கடான்னு இருந்துச்சு.

ரெண்டாம் நாள்ல இருந்து கோழி இல்ல, பாட்டில் இல்ல. மூணு பேரும் வந்து எனக்குப் பக்கத்துலயே உக்காந்து சப்பாத்தியத் தின்னுட்டுக் கொட்டாவி விடுறானுக. சாமிகிட்ட பயம் வந்துருச்சு போல. வாய்விட்டுப் பேசுறதும் இல்ல. "சாமி தண்ணி குடிச்சீங்களா, சாமி தூங்குனீங்களா." சீட்டு போட்டானுக, "சாமி வெளாடலாமா கூடாதா"ன்னு ஒரு விவாதம், கடைசியில என்னையப் பாயிண்டு எழுத வச்சுட்டானுக. நான் இல்லாம இவனுக ரம்மி ஆடி நான் பாத்ததே இல்ல. கை அரிக்குது.

இதுக்கு நடுவுல இன்னொரு கூத்து. மாத்திரைய வீட்லயே விட்டுட்டு வந்துட்டேன். யாருக்கும் தெரியாம ஒளிச்சு வைக்கிறேன்னு எனக்கே தெரியாம ஒளிச்சு வச்சுட்டேன் போல. வந்த அன்னிக்கு ராத்திரி பையத் தலைகீழாக் கொட்டிப் பாத்தேன், இல்ல. பயந்துட்டேன். மறுநாள் காலையில பாத்தா, அதே பையில, சைடு ஜிப்புல, துன்னூறு பொட்டலத்துக்குப் பக்கத்துல இருக்கு. முழுசா ஒரு அட்டை, ஒண்ணுகூடப் பிரிக்கல. என் மூளைய நானே மெச்சிக்கிட்டேன் சாமி, மறந்து போனாலும் கை அது பாட்டுக்கு எடுத்து வச்சிருக்கு பாருன்னு. கம்பெனிதான் வேற மாதிரி இருந்துச்சு. கோவில்பட்டிக்காரன் மாத்திக் குடுத்திருப்பான்.

சரி, பல்லக் கடிச்சுக்கிட்டு இன்னிக்கு ஒரு நாளையும் ஓட்டிருவோம்னுதான் இருந்தேன். காலையில எந்திரிச்சு மோட்டார் ரூம் பக்கமாப் போறேன். உள்ள மூணு பேரும் பேசிக்கிட்டு இருக்கானுக. மோட்டார் ஓடுற சத்தத்துல பாதிதான் கேக்குது. வேலாயுதம் சொல்றான், "அடுத்த வருசத்துல இருந்து நிறுத்திரணும்டா." சௌந்தரபாண்டி கேக்குறான், "அத அவன்கிட்ட யாரு சொல்றது?" தாவூது சொல்றான், "நான் சொல்றேன், என் மேல கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல."

பாத்தீங்களா? என் முன்னாடி சாமி, முதுகுக்குப் பின்னாடி "அவன்". என்னைய நிறுத்திரணுமாம். சிதம்பரநாதன நிறுத்துன மாதிரி. நானாச்சும் அவனுக்கு நேரா நின்னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன். இவனுக கூடிப் பேசி முடிவு பண்றானுக. ஏன், நான் இவனுக தின்னதுல மண்ணு போட்டேனா? ஒரு ஓரமா உக்காந்து பாயிண்டுதான எழுதுனேன்? கண்ணுல தண்ணி வந்துருச்சு சாமி, உங்ககிட்ட சொல்ல என்ன வெக்கம்.

அவனுக சொல்றதுக்கு முந்தி நாமே போயிரணும்னு, நேரா வந்து மாத்திரைய வாயில போட்டேன், பையத் தூக்குனேன். கடையில இருந்து போன் வந்துச்சு, அவசரம்னு சொன்னேன். காலைச் சாப்பாடு சாப்பிட்டுப் போங்கன்னு பேச்சியம்மா கெஞ்சுது. வேணாம்னுட்டேன். வேலாயுதம் கார எடுக்குறேன்னான், அதுவும் வேணாம்னுட்டேன். ரோட்டுல வந்து நிக்கிறேன், தாவூது இந்தப் பொட்டலத்தத் தூக்கிக்கிட்டு ஓடி வாரான். "வழியில சாப்பிடுங்க சாமி, மறக்காமச் சாப்பிடுங்க"ன்னு மூச்சு வாங்கச் சொல்றான். மூஞ்சியப் பாக்காம வாங்கிக்கிட்டுப் பஸ் ஏறுனேன். ஒரு பஸ் மாறி, இப்ப உங்க பக்கத்துல. நிம்மதியா இருந்துட்டு வந்த கதை இதுதான்.

இருங்க. ஜன்னல நல்லாத் தொறங்க சாமி. காத்தே இல்ல. இல்ல, வெயில் இல்ல, என்னமோ வேர்க்குது. கையப் பாருங்க, தன்னால நடுங்குது. காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல, அதுதான். கண்டக்டரக் கூப்பிடாதீங்க. கூப்பிடாதீங்கன்னு சொல்றேன்ல. அந்தப் பொட்டலத்த எடுங்க. பிரிங்க. நூலப் பிச்சு எறிங்க, பரவாயில்ல.

மேல என்ன அது? மிட்டாயா? ஆரஞ்சு மிட்டாயா? குடுங்க. பேப்பரப் பிரிச்சுக் குடுங்க, எனக்கு வெரலு நிக்கல. இன்னொண்ணு.

ம்.

இப்பத் தேவலை. தண்ணி இருக்கா? குடுங்க. பயந்துட்டீங்களா? ஒண்ணுமில்ல, வேர்வை அடங்குது. அடியில என்ன இருக்கு? கேப்பை அடை. முருங்கக்கீரை போட்டது. ஒரு துண்டு நீங்களும் எடுத்துக்கங்க. எடுங்க, பேச்சியம்மா பண்ணுனது, சுத்தமான கை.

சாமி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். பதினெட்டு வருசமாப் போறீங்க. விரதத்துல இனிப்புக்கு என்ன தடை? ஒரு தடையும் இல்லையா? வெல்லம், பாயசம், எல்லாம் சாப்பிடலாமா? உங்க வீட்ல தினமும் நைவேத்தியமே சர்க்கரைப் பொங்கலா. சீத்தாப்பழம்? அதுக்கும் இல்லையா. சரி, வெந்நியில குளிக்கிறது? அது கூடாதா. ரப்பர் செருப்பு? அதுவும் கூடாதா.

அந்த டாக்டரம்மா ஒண்ணு சொல்லுச்சு. "பையில எப்பவும் நாலு மிட்டாய் வச்சுக்கங்க, மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா கைகால் நடுங்கும், அப்ப வாயில போட்டுக்கங்க"ன்னு. நான் எங்க வச்சேன்? கெழவனாட்டம் மிட்டாய் வச்சுக்கிட்டா திரிய முடியும்னு விட்டுட்டேன். நான் வைக்காத மிட்டாயத் தாவூது வச்சிருக்கான். அடைக்கு அடியில வைக்கல சாமி, பிரிச்சதும் கைக்குத் தட்டுப்படுற மாதிரி மேல வச்சிருக்கான். செருப்பு விக்கிறவனுக்கு இது எப்படித் தெரியும்?

மருந்து விக்கிறவனுக்குத் தெரியும்.

கோவில்பட்டிக்காரன் சொல்லியிருப்பான். அந்த மருந்துக்கடைக்காரனுகளுக்கெல்லாம் ஒரு சங்கம், மாசாமாசம் கூடி டீ குடிச்சுட்டுக் கலையிறதுதான் அதுல வேலை. உங்க தெருப் பாத்திரக்கடைக்காரர் நம்ம கிட்டத்தான் வாங்குறாருன்னு பெருமையாச் சொல்லியிருப்பான். நாசமாப் போறவன். ஆடியில இருந்தே தெரியுமா இவனுகளுக்கு? ஆவணியிலயா? தீபாவளிக்குத் தாவூது வீட்டுக்கு அதிரசம் கொண்டுபோயிக் குடுத்தப்ப, "நீ சாப்பிட்டியாடா?"ன்னு உத்து உத்துப் பாத்துக் கேட்டான். அப்ப நான், "ஆறு தின்னேன்"னு சொன்னேன். அதையும் நம்புன மாதிரி தலையாட்டிக்கிட்டு நின்னான்.

மூணு பேருல ஒருத்தன் வாயத் தொறக்கல பாருங்க. டேய் உனக்குச் சுகராடான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்க மாட்டானுக. நான் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு அவனுகளுக்குத் தெரியும். கேட்டிருந்தா மறுத்திருப்பேன், அன்னிக்கே ஒரு படி பாயசத்தக் குடிச்சுக் காட்டியிருப்பேன். அதுக்குப் பயந்துக்கிட்டு, நான் சொன்ன பொய்க்குள்ளயே எனக்குப் பத்தியம் வச்சிருக்கானுக. அந்தத் தாவூது பய, ஒரு விரதத்தையே புதுசா உண்டாக்கியிருக்கான் சாமி. எனக்கு மட்டும்.

அப்ப நிறுத்திரணும்னு சொன்னது என்னத்த? என்னையத்தான்னு நெனைச்சு நான் எந்திரிச்சு வந்துட்டேன். என்னைய நிறுத்தப் போறவன் எனக்கு எதுக்குச் செருப்பு அளவு பாத்து எடுத்துட்டு வாரான்? ரெண்டாம் நாள்ல இருந்து கோழியையும் பாட்டிலையும் நிறுத்துனவனுக, அதையேதான் அடுத்த வருசத்துக்கும் பேசிக்கிட்டு இருந்தானுகளோ? எங்கிட்ட யாரு சொல்றதுன்னு கேட்டது அதத்தானோ? மோட்டார் சத்தத்துல பாதி கேட்டுட்டு, மீதிய நானா எழுதிக்கிட்டேனோ? அவன் ஓடி வந்தப்ப நின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மூஞ்சியக்கூடப் பாக்கல நான்.

அடுத்து என்ன ஸ்டாப்பு? ரோடு பிரியிற விலக்கா? அங்க நிக்குமா? கொஞ்சம் கண்டக்டரு கிட்டச் சொல்லுங்க சாமி. டிக்கெட்டு போனாப் போகுது. எறங்கி எதுத்தாப்புல வர்ற பஸ்ஸப் பிடிச்சா, மத்தியானச் சாப்பாட்டுக்குத் தோட்டத்துக்குப் போயிரலாம். நான் திரும்பி வருவேன்னு அவனுகளுக்குத் தெரியாது. நான் கெளம்புன சந்தோசத்துல இந்நேரம் கோழிய அடிச்சு, குழம்பு வச்சு, பாட்டிலத் தொறந்து உக்காந்திருக்கணும். நியாயமாப் பாத்தா அப்படித்தான் இருக்கணும். அப்படி இருந்தா உள்ள போயி, இலையத் தூக்கிக் கடாசி, மூணு பேரையும் நாறக் கிழிச்சுட்டு வந்துருவேன். அது எனக்குக் கைவந்த கலை.

நான் இல்லாதப்பவும் மூணு பேரும் அந்தக் காயையும் சப்பாத்தியையும் தின்னுக்கிட்டு உக்காந்திருந்தானுகன்னா, நான் என்ன செய்யிறது, சொல்லுங்க?